கோ ஆட்டமும் மூலை ஜோசெக்கியும்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோ ஆடச் சிலர் கூடுவோம். கல்லூரிப் பிள்ளைகள், செஸ்ஸிலிருந்து வந்தவர்கள், பிள்ளையைக் கொண்டுவிட வந்து தாங்களும் உட்கார்ந்துவிட்ட அப்பா அம்மாக்கள் என்று கலவையான கூட்டம். அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கமிருந்து போனில் கேட்பவர்களும் உண்டு. மூலை ஆட்டத்தைப் பற்றி வரும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

புதியவர்களுக்காக ஆட்டத்தை இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். 19 கோடு குறுக்கே, 19 கோடு நெடுக்கே, மொத்தம் 361 சந்திகள். கறுப்பு முதலில், பிறகு வெள்ளை, மாறி மாறிச் சந்திகளில் கல் வைப்பார்கள். வைத்த கல் நகராது. ஒட்டியிருக்கும் காலிச் சந்திகளை அந்தக் கல்லின் மூச்சு என்போம். எல்லா மூச்சும் அடைபட்டால் கல் பிடிபடும். கடைசியில் அதிக இடத்தை வளைத்தவருக்கு வெற்றி.

அண்ணாச்சி, ஜோசெக்கி ஜோசெக்கினு சொல்லுதாங்களே, அது என்னது?

மூலையில் இருவரும் மாறி மாறிக் கல் வைக்கும்போது, யாருக்கும் பெரிய நஷ்டமில்லாமல் முடியும் என்று நீண்ட கால அனுபவத்தில் தேறி நிலைத்த வரிசைகள் உண்டு. அவற்றுக்கு ஜப்பானில் வழங்கும் பெயர் ஜோசெக்கி. சில வரிசைகள் ஐந்தாறு கல்லில் முடியும். சில நாற்பதைத் தாண்டியும் போகும்.

நஷ்டமில்லை என்பதால் இருவருக்கும் ஒரே மாதிரி கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கையில் ஒருவர் ஆற்றுப்பாசன வயலையும் மற்றவர் ரோட்டோரப் புஞ்சையையும் எடுத்துக்கொள்வது போலத்தான். ஒருவருக்கு மூலையில் உறுதியான இடம், மற்றவருக்கு நடுப்பலகையைப் பார்த்து நிற்கும் சுவர். இடம் இப்போதே கணக்கில் சேர்ந்துவிடும். சுவருக்கு இனிமேல்தான் பலன் வர வேண்டும். அது வருமா வராதா என்பது பலகையில் மற்ற இடங்களில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஏன் மூலையிலயே தொடங்கணும்? நடுவுல வச்சா என்ன?

மூலையில் இரண்டு ஓரங்கள் நமக்காக வேலி போட்டுத் தருகின்றன. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சந்திகளை வளைக்க மூலையில் 6 கல் போதும். ஒரே ஓரம் மட்டும் துணையிருந்தால் 9 கல் வேண்டும். நடுவில் 12. அதனால் முதலில் மூலை, அப்புறம் ஓரம், கடைசியில் நடு என்பது வழக்கமாகிவிட்டது.

நடுவில் வைக்கவே கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. 1933-ல் கோ சீகன் என்ற 19 வயது ஆட்டக்காரர், அன்றைய பெரிய ஆட்டக்காரரான ஹொனின்போ ஷூசாயை எதிர்த்து, தன் முதல் கல்லை 3-3-லும் (இந்த எண்களை எப்படி எண்ணுவது என்பது அடுத்த கேள்வியில்) இரண்டாவதை 4-4-லும் மூன்றாவதைப் பலகையின் நட்ட நடுவிலும் வைத்தார். ஷூசாய் சார்ந்த ஹொனின்போ என்ற பழைய கோ குரு மரபில் 3-3-ல் தொடங்குவதே விலக்கப்பட்ட காரியம். ஆட்டத்தில் ஷூசாய் 2 புள்ளியில் வென்றார். ஆனாலும் கோ சீகனும் கிடானி மினோரு என்ற இன்னோர் ஆட்டக்காரரும் சேர்ந்து தொடங்கிய அந்தப் புதிய போக்கு, தொடக்க ஆட்டத்தையே மாற்றிப்போட்டது.

4-4, 3-4னு சொல்லுதியளே, எங்கேருந்து எண்ண?

மூலைக்குப் பக்கத்திலுள்ள இரண்டு ஓரங்களிலிருந்தும் எண்ண வேண்டும். ஓரக் கோடு 1. இந்தப் பக்கம் முழுக்க இடது கீழ் மூலையையே வைத்துப் பேசுகிறேன். முதல் எண் இடது ஓரத்திலிருந்து எத்தனையாவது கோடு, இரண்டாவது எண் கீழ் ஓரத்திலிருந்து எத்தனையாவது கோடு. 6-3 என்றால் இடமிருந்து ஆறு, கீழிருந்து மூன்று. ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு ஒன்றைச் சொல்லவே வேண்டாம்: கல் கட்டத்துக்குள் இல்லை, கோடுகள் சந்திக்கும் இடத்தில்தான் உட்காரும்.

மூலையில் முதல் கல் பெரும்பாலும் 4-4, 3-4 இரண்டில் ஒன்றில் விழும். 3-3, 5-3, 5-4 ஆகியவையும் உண்டு. 4-4 வேகமானது, மூலையை முழுதாகக் காக்காது. 3-4 மூலையை நன்றாகப் பிடிக்கும். ஆனால் இன்னொரு கல்லும் சேர்ந்தால்தான் அது கெட்டிப்படும்.

போர்டே கிடைக்க மாட்டேங்கு. எதுல வச்சுப் படிக்க?

இங்கே கடைகளில் தேடி அலைய வேண்டாம். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் 19 கோட்டுப் படத்தைக் கொடுத்தால் அடித்துத் தருவார்கள். மரபான பலகை சரியான சதுரம் கிடையாது, அகலம் சுமார் 42 செ.மீ., நீளம் 45 செ.மீ. சதுரமாக அடித்தாலும் ஆட்டம் ஒன்றும் கெடாது. கல்லுக்குக் கறுப்பு வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள் போதும். முழுத் தொகுதி கறுப்பு 181, வெள்ளை 180. மூலை மட்டும் படிக்க ஆளுக்கு முப்பது இருந்தாலே தாராளம். பத்தமடைப் பாயை விரித்து நடுவில் இதைப் போட்டால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது.

போனில் ஆடுவதற்கு ஓஜிஎஸ் என்ற ஆன்லைன் கோ சர்வர் இருக்கிறது, காசு கிடையாது. ஒரு கல் வைக்க ஒன்றிரண்டு நாள் அவகாசம் தரும் ஆட்டமும் அதில் உண்டு. கடையோ ஷிப்டோ பார்ப்பவர்களுக்கு அதுதான் தோது. ஆனால் ஜோசெக்கி படிக்கும்போது மட்டும் கையால் கல்லை எடுத்து வையுங்கள். திரையில் தட்டிக்கொண்டே போனால் மனதில் தங்குவதில்லை.

செஸ்ல ஓப்பனிங் மனப்பாடம் பண்ற மாதிரிதானே இதுவும்?

பாளையங்கோட்டையில் செஸ் ஆடிவிட்டு வரும் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது. பாதி சரி. செஸ் ஓப்பனிங் முழுப் பலகையையும் சேர்த்துப் பிடிக்கிறது, பத்து நகர்வு ஒத்துப்போனால் இரண்டு ஆட்டமும் ஒரே நிலைதான். ஜோசெக்கி பலகையின் கால்வாசிக்கும் குறைவான இடத்துக்கு மட்டும் பேசுகிறது. அதே வரிசை மற்ற மூன்று மூலைகளைப் பொறுத்து நல்லதாகவும் ஆகும், மோசமாகவும் ஆகும்.

அதனால் வரிசை நினைவில் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கல்லும் எதற்கு, அதை வைக்காவிட்டால் என்ன நடக்கும், இவை இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் நான் படிப்பு என்று சொல்வேன்.

முதல்ல எதைப் படிக்க? எத்தனை தெரிஞ்சாப் போதும்?

தொடக்கத்தில் மூன்று போதும். 4-4 கல்லுக்குள் 3-3-ல் புகுவது, 4-4 கல்லை 6-3-ல் நெருங்குவது, 3-4 வகைக் கல்லை உயரமாக, அதாவது ஓரத்திலிருந்து நான்காம் கோட்டில், நெருங்குவது. 4-4-ஐ முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பலம் குறைந்தவருக்குச் சலுகைக் கல் கொடுத்து ஆடும் ஆட்டங்களில் அந்தக் கற்கள் 4-4-ல்தான் இருக்கும். புதியவர் ஆடப்போவது பெரும்பாலும் அத்தகைய ஆட்டங்கள்தான்.

ஒண்ணே ஒண்ணு முழுசாச் சொல்லுங்க அண்ணாச்சி, கல்லுகல்லா.

3-3 புகுதலையே எடுத்துக்கொள்வோம். பலகையை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு 4-4-ல் இருக்கிறது. வெள்ளை 3-3-ல் புகுகிறது. கறுப்பு 4-3-ல் தடுக்கிறது. வெள்ளை 3-4-ல் நீள்கிறது. கறுப்பு 3-5-ல் வளைத்து மேலே போகும் வழியை மறிக்கிறது. வெள்ளை 2-5-ல் வளைக்க, கறுப்பு 2-6-ல் தடுக்கிறது. வெள்ளை 2-4-ல் இணைக்கிறது, கறுப்பு 3-6-ல் இணைக்கிறது. வெள்ளை 4-2-ல் வளைக்கிறது, கறுப்பு 5-2-ல் தடுக்கிறது. வெள்ளை 3-2-ல் இணைக்கிறது, கறுப்பு 5-3-ல் காக்கிறது. முடிந்தது.

இப்போது காரணங்கள். வெள்ளை 2-4 வைக்காவிட்டால் கறுப்பு அங்கே வரும். 2-5 கல்லுக்கு ஒரே ஒரு மூச்சு மிஞ்சும், அது பிடிபட்டு மூலை சுருங்கிப்போகும். கறுப்பு 3-6 வைக்காவிட்டால் வெள்ளை அங்கே வெட்டும், அதாவது 3-5, 2-6 கற்களைச் சேரவிடாமல் பிரிக்கும். அப்போது 3-5 கல்லுக்கு மிஞ்சுவது 4-5 என்ற ஒரு மூச்சுதான். அதைக் காப்பாற்றப் போனால் 2-6 கல் அநாதையாக நிற்கும். வெள்ளையின் 4-2, 3-2 இரண்டும் மூலையில் உயிரோடிருப்பதற்கான, அதாவது சுற்றி வளைத்தாலும் பிடிபடாமல் நிற்பதற்கான, இடத்தை அகலப்படுத்துகின்றன. கறுப்பு 5-3 வைக்காவிட்டால் வெள்ளை அதே இடத்தில் வெட்டி 5-2 கல்லைப் பிரித்துவிடும்.

முடிவைப் பாருங்கள். வெள்ளைக்கு மூலை, சிறியது, ஆனால் உயிருள்ளது. கறுப்புக்கு இரண்டு பக்கமும் பார்த்த கெட்டியான சுவர். அடுத்த முறை வெள்ளையுடையது. ஒவ்வொரு கல்லையும் எடுத்துவிட்டு, "இது இல்லாவிட்டால் என்ன?" என்று எதிர்த் தரப்பில் உட்கார்ந்து அடித்துப் பாருங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க இந்த ஒரு ஜோசெக்கியிலேயே போனாலும் நல்லதுதான்.

4-3ல தடுக்கவா, 3-4ல தடுக்கவா? எப்படிப் புரிஞ்சுக்கிட?

மூலை இரண்டு பக்கமும் ஒரே அச்சு, அதனால் மூலைக்குள் பார்த்தால் விடை கிடைக்காது. தலையைத் தூக்கிப் பக்கத்து மூலைகளைப் பாருங்கள். வலது கீழ் மூலையில் உங்கள் கல் இருந்தால், கீழ் ஓரம் முழுதும் உங்களுடையதாக வளர வாய்ப்பு உண்டு. அப்போது 4-3-ல் தடுங்கள், வெள்ளை இடது ஓரமாக ஊர்ந்து போகட்டும். இடது மேல் மூலை உங்களுடையது, வலது கீழ் எதிராளியுடையது என்றால் 3-4-ல் தடுங்கள். உங்களுக்கு எந்தப் பக்கம் அகலமாக வளர வேண்டுமோ அந்தப் பக்கம் தடுப்பது பொதுவான வழி.

என் கணிப்பில், ஜோசெக்கியில் அதிகம் தோற்பது இந்த ஒரு முடிவில்தான். வரிசை முழுக்கச் சரி, தடுத்த பக்கம் தப்பு. அப்படியானால் சுவர் வெறுமனே எதிராளியின் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

6-3ல வந்து நெருங்கினா என்ன செய்ய?

கறுப்பு 4-4, வெள்ளை 6-3. எளிய பதில் 3-6, எதிர்ப்பக்கம் அதே தூரத்தில். வெள்ளை 4-2-க்கு வழுக்கி வரும், கறுப்பு 3-3-ல் மூலையைப் பிடிக்கும், வெள்ளை 9-3-க்கு விரியும். கறுப்புக்கு மூலை, வெள்ளைக்குக் கீழ் ஓரம், சண்டையே இல்லை.

9-3 ஏன் என்று கேளுங்கள். தனிக் கல்லிலிருந்து ஓரத்தில் விரியும்போது நடுவில் இரண்டு இடம் விட்டால் எதிராளி வெட்ட முடியாது என்பது பழைய கணக்கு. இரண்டு கல் அடுக்கிய சுவரென்றால் மூன்று இடம் விடலாம். இந்தக் கணக்கு கீழே இன்னொரு ஜோசெக்கியிலும் வரும்.

சென்ட்டே, கோட்டேங்காங்களே, மூலைல அதுக்கு என்ன வேலை?

ஒரு மூலை முடிந்ததும் அடுத்த கல்லை வேறெங்காவது வைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு சென்ட்டே, மற்றவருக்கு கோட்டே. மேலே சொன்ன 3-3 வரிசை கறுப்பின் 5-3-ல் முடிந்தது, அதனால் சென்ட்டே வெள்ளைக்கு. 6-3 நெருங்கல் வெள்ளையின் 9-3-ல் முடிந்தது, சென்ட்டே கறுப்புக்கு. தொடக்கத்தில் பெரிய காலி மூலை ஒன்று மிச்சமிருக்கும்போது அந்த ஒரு முறைக்கு மதிப்பு மிக அதிகம். ஜோசெக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு இடமா சுவரா என்று கேட்பதோடு, கடைசிக் கல்லை யார் வைக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள்.

எதிராளி வரிசைல இல்லாத இடத்துல வைக்கான். அப்போ என்ன செய்ய?

முதலில் பயப்பட வேண்டாம். வரிசையில் இல்லை என்பதால் அது தப்பான கல் என்றும் ஆகாது, சரியான கல் என்றும் ஆகாது. உங்களிடம் இருக்க வேண்டியது அந்த இடத்தில் வரிசைப்படி வரவேண்டிய கல்லின் காரணம். எதிராளி அதை வைக்காததால் எது காவல் இழந்தது? காவல் இழந்த இடத்தைத் தொடுங்கள். 3-3 வரிசையில் வெள்ளை 2-4-ஐ விட்டுவிட்டால் என்ன செய்வது என்பதை மேலே பார்த்தோம். அப்படித்தான் எல்லாமே.

சில சமயம் தண்டிக்க ஒன்றுமே இருக்காது. எதிராளி சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அப்போது உங்களுக்கு வேண்டியதை அமைதியாக எடுத்துக்கொண்டு போங்கள். தப்பு செய்தவனை உடனே அழிக்க வேண்டும் என்று பாய்ந்து, நன்றாயிருந்த நிலையைக் கெடுத்துக்கொள்கிற பிள்ளைகளை வாரவாரம் பார்க்கிறேன்.

ஜோசெக்கி படிச்சா ரெண்டு கல் பலம் குறையும்னு சொல்லுதாங்களே, நெசமா?

ஜப்பானில் வழங்கும் பழமொழி அது, அனுபவத்தில் உண்மைதான். புதிதாக ஒன்றைப் படித்தவுடன் எல்லா மூலையிலும் அதையே ஆட ஆசை வரும், பலகையைப் பார்ப்பது நின்றுபோகும். தோற்கத்தானே செய்வோம்.

அந்தத் தோல்வி நிலையானதல்ல. படித்த வரிசையின் காரணங்கள் பிடிபட்டதும் பழைய பலம் திரும்பி, அதற்கு மேலும் ஏறும். படித்துவிட்டு நாலு ஆட்டத்தில் தோற்றதும் "இது எனக்கு வேண்டாம்" என்று விடுகிறவர்களுக்குத்தான் உண்மையான நஷ்டம்.

3-4 மூலைக்கு எப்போப் போகலாம்?

4-4 இரண்டும் கை வந்தபின். ஒன்றை மட்டும் இப்போதே தருகிறேன். கறுப்பு 4-3-ல் (3-4-ஐ மறுபக்கம் திருப்பியதுதான்), வெள்ளை 4-5-ல் உயரமாக நெருங்குகிறது. கறுப்பு 3-5-ல் அடியில் ஒட்டுகிறது. வெள்ளை 3-6-ல் வளைக்க, கறுப்பு 3-4-க்குப் பின்வாங்குகிறது. வெள்ளை 4-6-ல் இணைக்கிறது. கறுப்பு 6-3-க்கு விரிகிறது, வெள்ளை 3-10-க்கு விரிகிறது.

வெள்ளையின் கடைசிக் கல்லைப் பாருங்கள். 3-6-க்கும் 3-10-க்கும் நடுவில் மூன்று இடம். 4-6, 3-6 கற்கள் சேர்ந்து திடமாக நிற்பதால் தனிக் கல்லைவிட ஓர் இடம் கூடுதலாக விட முடிகிறது. மேலே சொன்ன கணக்குத்தான். அந்த 3-10 பக்கம் ஏற்கெனவே கறுப்புக் கல் இருந்தால் வெள்ளைக்கு விரிய இடமில்லை, இந்த ஜோசெக்கியே வெள்ளைக்குக் கசக்கும்.

ஏணி சரியா இருக்கானு பாத்துட்டு ஆடுங்கியளே, அது ஏன்?

ஒரு கல்லை விடாமல் ஒற்றை மூச்சில் வைத்துக் குறுக்காகத் துரத்திக்கொண்டே போவது ஏணி. அது படிப்படியாகப் பலகையின் எதிர் மூலை வரைக்கும் ஓடும். வழியில் துரத்தப்படுபவரின் கல் ஒன்று இருந்தால் தப்பித்துவிடுவார். துரத்தியவரின் சுவர் முழுக்க ஓட்டையாகிவிடும்.

பல ஜோசெக்கிகளில் ஒரு குறிப்பிட்ட கல், ஏணி நமக்கு வேலை செய்தால் மட்டுமே செல்லும். ஆகவே இடது கீழ் மூலையில் ஆடும்போது வலது மேல் மூலையில் யார் கல் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். விரலைப் பலகை மேல் ஓட்டாதீர்கள், அது எதிராளிக்கும் சொல்லிக்கொடுத்துவிடும்.

தைஷா, நடாரேனு பெரிசு பெரிசா இருக்காமே. அதையும் படிக்கணுமா?

தைஷாவை ஆயிரம் கிளைகள் உள்ள ஜோசெக்கி என்றே சொல்வார்கள். நடாரே, பனிச்சரிவு என்ற பெயருக்கு ஏற்றபடி ஒரு தள்ளலில் தொடங்கி மூலை முழுதும் உருண்டு வரும். 1957-ல் கோ சீகன் அதில் உள்பக்கமாகத் திரும்பும் ஒரு கல்லை வைத்த பிறகு, அதற்கென்றே தனிக் கிளைகள் வளர்ந்தன. இரண்டும் ஏணியை நம்பி நிற்பவை, ஒரு கல் தவறினால் மூலையே போய்விடும்.

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். எதிராளி அதற்குள் இழுத்தால் எளிய கிளையில் வெளியே வருவதற்கு ஒரு வழி மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் ஆட்டம் உயிரோடிருக்கும். ரசிப்பதற்காகப் படிக்கிறேன் என்றால் தாராளமாகப் படியுங்கள். கோ ஆட்டத்தின் அழகு முழுதும் அங்கே குவிந்திருக்கிறது, நானும் ஓய்வாக இருக்கும்போது நடாரேயை அடுக்கிப் பார்ப்பேன்.

கம்ப்யூட்டர் வந்த பெறவு பழைய ஜோசெக்கி எல்லாம் வீண்தானே?

2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கம்ப்யூட்டர் நிரல், கொரியாவின் பெரிய ஆட்டக்காரர் லீ சேடோலை 4-1 என்று வென்றது. அடுத்த புத்தாண்டை ஒட்டி, மாஸ்டர் என்ற பெயரில் அதன் புதிய வடிவம் இணையத்தில் பெரிய ஆட்டக்காரர்களை எதிர்த்து 60 ஆட்டம் ஆடி அறுபதிலும் வென்றது. அதில்தான் எல்லாரும் திகைத்தார்கள்: ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே 3-3-ல் புகுந்தது. அதுவரை, தொடக்கத்தில் புகுந்தால் எதிராளிக்கு இலவசமாகச் சுவர் கட்டிக் கொடுப்பதாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சூட்சுமம் எங்கே என்றால், கறுப்பு 3-5-ல் வளைக்காமல் 4-5-ல் நேராக நீளும் வகையில், வெள்ளை ஓரமாக ஊர்ந்துவிட்டு, 4-2, 3-2 என்று வளைத்து இணைக்கும் பகுதியை ஆடாமலே வேறு மூலைக்குப் போய்விடும். அதை ஆடினால் கறுப்பின் 5-2, 5-3 கற்களும் சேர்ந்து சுவர் கெட்டிப்படுகிறதே, அதைத் தவிர்க்கத்தான். இதைக் கேட்டுவிட்டு நான் முன்னால் தந்த வரிசையிலும் அந்தக் கற்களை விட்டுவிடாதீர்கள். அங்கே மூலையின் உயிருக்கே சிக்கல் வரும்.

பழையது வீணாகவில்லை, பழைய தீர்ப்புகளில் சில மாறின. 2-4 ஏன், 3-6 ஏன் என்பதற்கான காரணம் அப்படியேதான் இருக்கிறது. காரணம் தெரிந்தவருக்குப் புதியது பத்து நிமிடத்தில் புரியும்.

கட்டாகோ, நான் வச்ச கல்லு அரைப் புள்ளி நஷ்டம்னு காட்டுது. அந்த ஜோசெக்கிய விட்டுறவா?

கட்டாகோ இலவசமாகக் கிடைக்கும் பலமான நிரல். வெற்றி வாய்ப்பு விழுக்காட்டோடு, எத்தனை புள்ளி வித்தியாசம் என்றும் காட்டும், அது நல்ல வசதி. ஆனால் அரைப் புள்ளியெல்லாம் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கவலைப்பட வேண்டியது. நம் ஆட்டங்களில் நடுவில் ஒரு வெட்டைக் கவனிக்காமல் இருபது புள்ளி போகிறது. உங்களுக்குக் காரணம் புரிந்த, அரைப் புள்ளி குறைந்த வரிசை, புரியாத உத்தமமான வரிசையைவிட உங்கள் கையில் நன்றாக வேலை செய்யும்.

நாலு ஐந்து புள்ளி நஷ்டம் காட்டினால் நிறுத்திப் பாருங்கள். அதுவும் நிரல் காட்டும் கல்லை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். உங்கள் கல்லுக்கு எதிராளி என்ன பதில் வைப்பதாக நிரல் நினைக்கிறது என்று பாருங்கள், தப்பு அங்கே தெரியும்.

வரிசையெல்லாம் சரியாத்தான் வச்சேன், ஆனாலும் தோத்துட்டேனே?

ஆட்டப் பதிவை அனுப்புகிறவர்களில் பாதிப்பேரின் கேள்வி. பெரும்பாலும் விடை இரண்டில் ஒன்று. ஒன்று, திசை. தடுக்கும் பக்கத்தைப் பற்றிய பதிலை மறுபடி படியுங்கள். இன்னொன்று, கிடைத்ததைப் பயன்படுத்தாதது. சுவரை வாங்கியவர் அந்தச் சுவரை ஒட்டியே இடம் வளைக்கப் பார்ப்பார். சுவர் அதற்கில்லை. எதிராளியின் பலவீனமான கற்களை அதை நோக்கித் துரத்த வேண்டும், துரத்திக்கொண்டே மறுபுறம் இடத்தைச் சேர்க்க வேண்டும். மூலையை வாங்கியவர் செய்ய வேண்டியது வேறு: எதிராளியின் சுவர்ப் பக்கம் ஆழமாகப் போகாமல், மேலோட்டமாக நுழைந்து அதன் மதிப்பைக் குறைப்பது.

நடுவுலயே விட்டுட்டு வேற மூலைக்குப் போலாமா?

போகலாம், அதற்கு தெனுக்கி என்று பெயர். இரண்டு விஷயத்தை எண்ணுங்கள். நான் போனபின் எதிராளி இங்கே தொடர்ந்து இரண்டு கல் வைத்தால் எனக்கு எவ்வளவு போகும்? நான் போகும் இடத்தில் எவ்வளவு வரும்? வருவது கூடுதலென்றால் தயங்காதீர்கள். ஆனால் வெட்டுப்படும் இடம் திறந்திருக்கும்போதும், கற்களுக்கு உயிர் நிச்சயமில்லாதபோதும் எழுந்து போகக் கூடாது. 3-3 வரிசையில் 5-3-ஐ வைக்காமல் போனால் என்ன ஆகும் என்று பார்த்தோமே.

பையன் எட்டாவது படிக்கான், 9 கோட்டுப் போர்டுலதான் ஆடுதான். அவனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கவா?

இப்போது வேண்டாம், சார். 9 கோட்டுப் பலகையில் மூலைகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன, முதல் சில கல்லிலேயே முழுப் பலகைச் சண்டை வந்துவிடும். அங்கே அவன் கற்க வேண்டியது பிடிப்பது, தப்பிப்பது, இரண்டு கண் (தன் கற்களுக்குள் எதிராளி அடைக்க முடியாத காலி இடம்) வைத்து உயிரோடிருப்பது. 13 கோட்டுக்கு வந்ததும் 3-3 புகுதலை மட்டும் காட்டுங்கள். 19 கோட்டில் இரண்டு மாதம் தானாகத் தடுமாறி ஆடியபின் ஜோசெக்கியைத் தொட்டால், ஒவ்வொரு கல்லும் எந்தத் தொல்லைக்கு மருந்து என்று அவனுக்கே புரியும்.

சிலபேரு வேணும்னே ஏமாத்துக் கல்லு வைக்காங்க. அதுக்குப் பேரு வேற இருக்காமே?

ஹமேத்தே. இயல்பாகத் தோன்றும் பதிலை வைத்தால் பெரிய நஷ்டம் வரும்படியும், சரியான பதில் தெரிந்தால் வைத்தவருக்கே நஷ்டம் வரும்படியும் அமைந்த கற்கள். ஆன்லைனில் அவசர ஆட்டங்களில் நிறைய வரும். கோபப்பட வேண்டாம், அது ஆட்ட விதிக்கு உட்பட்டதுதான்.

அடையாளம் என்னவென்றால், எதிராளியின் கல் சற்று மெலிந்து, வெட்டு தெரியும்படி நிற்கும், "வா, வந்து வெட்டு" என்று கூப்பிடும். அப்போது மூன்றைச் சரிபாருங்கள்: ஏணி யாருக்கு வேலை செய்கிறது, என் கற்களில் மூச்சுக் குறைந்தது எது, வெட்டாமல் வெறுமனே கெட்டிப்படுத்திக்கொண்டால் நான் எவ்வளவு இழப்பேன். மூன்றாவதற்குப் பெரும்பாலும் விடை "கொஞ்சம்தான்" என்று வரும். அப்படியானால் கெட்டிப்படுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். ஆட்டம் முடிந்தபின் பதிவைத் திறந்து, எதிராளியின் பக்கம் உட்கார்ந்து அந்தக் கல்லை வைத்துப் பாருங்கள். அப்படியும் பிடிபடாதவற்றை எழுதி ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், சேர்ந்து அடுக்கிப் பார்க்கலாம்.